கண்ணுக்கு அல்ல, கொடிக்கு

அன்று நேபாள மலையூரான காபல்டாண்டாவின் பள்ளிக்கூடத்தில், மூன்றாம் வகுப்பு அறையில் இருந்தவர்கள் இவர்கள். கதவோரம், அறையில் இருந்த ஒரே நாற்காலியில், சுகாதார நிலையப் பொறுப்பாளர் லோகேந்திர சார். அவருக்குப் பக்கத்தில், பிள்ளைகள் உட்காரும் குட்டைப் பெஞ்சில் முழங்கால் மோவாயை முட்ட, பிரசவ நர்ஸ் ரஞ்சனா. கரும்பலகைக்குக் கீழே வைக்கோல் பாயில், வார்டின் சுகாதாரத் தொண்டர் டீகா புடா, அவளுடைய நீலப் புடவையில். ஜன்னலை ஒட்டி, பீடிப் புகையை வெளியே ஊத வசதியாக, கிழவி ஜலபா. தூணில் சாய்ந்து, வீங்கிய கால்களை நீட்டிக்கொண்டு, ஜலபாவின் மருமகள் தில்சரா. அவளுக்கு மாதம் நிறைந்திருந்தது. அலமாரிக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து, நந்தகலி. மீதிப் பாய்களில் தாய்மார் குழுவின் மற்ற பெண்கள், மடியிலும் முதுகிலும் பிள்ளைகளோடு.

தில்சரா எட்டாவது வரை படித்தவள். குழுவுக்கு எழுதிக் கொடுப்பது அவள்தான். எதை எழுதினாலும் யார் எங்கே இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுவாள். அப்போதுதான் பிறகு யாரும் "நான் அங்கே இல்லவே இல்லை" என்று சொல்ல முடியாது. ஆனால் இன்றைக்கு அவள் பேனாவை எடுக்கவில்லை. அவள் கை இடுப்புக் கச்சையின் மேல் இருந்தது. கச்சையின் மூன்றாவது சுற்றுக்குள் ஒரு சிறிய வெள்ளை டியூப் இருந்தது.

லோகேந்திர சார் நூடுல்ஸ் வந்த காலி அட்டைப்பெட்டி ஒன்றை மேசை மேல் வைத்தார்.

"எல்லாருக்கும் விஷயம் தெரியும். ஓம்குமாரியோட குழந்தை நேபாள்கஞ்ச் கண் ஆஸ்பத்திரியில இருக்கு. எனக்கு மாவட்டத்துல இருந்து போன் மேல போன். மறு உத்தரவு வர்ற வரைக்கும் தொப்புள் மருந்தை யாரும் வெச்சிருக்கக் கூடாது. கையில இருக்கறவங்க இந்தப் பெட்டியில போட்டுடுங்க."

விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிள்ளை பிறந்து கொடி வெட்டியதும், வெட்டின நுனியிலும் தொப்புளைச் சுற்றியும் தடவ வேண்டிய மருந்து அது. மாதம் நெருங்கும் பெண்களுக்கு டீகா வீடு தேடிப் போய் ஆளுக்கு ஒரு டியூப் கொடுத்துவிட்டு வருவாள். ஓம்குமாரிக்கும் கொடுத்தாள். அவர்களும் ஒழுங்காகத் தடவினார்கள். ஆனால் பாதியைத்தான் தடவினார்கள். மருந்தை யாராவது ஒரேயடியாகக் கொட்டுவார்களா? மீதியைப் பத்திரமாக உத்தரத்து இடுக்கில் செருகி வைத்தார்கள். ஆறாம் நாள் சாயங்காலம் அத்தை வந்து குழந்தையின் கண்ணுக்கு மை இட வேண்டும். அத்தை நந்தகலி. கடுகெண்ணெய் விளக்கில் பிடித்த கரியைக் குழந்தையின் கண்ணில் வைக்காதீர்கள் என்று டீகா தொண்டை கிழியச் சொல்லியிருந்தாள். நந்தகலி அந்தச் சொல்லை மதித்தாள். மை வைக்கவில்லை. ஆனால் அண்ணன் பிள்ளையின் கண்ணில் அத்தையின் விரல் படாமல் அந்தச் சாயங்காலம் கழியலாமா? உத்தரத்தில் இருந்த டியூபை எடுத்தாள். சுகாதார நிலையத்தில் கண்ணுக்குக் கொடுக்கிற மருந்தும் அதே அளவு, அதே வெள்ளை. மைக்கு மருந்து எவ்வளவோ மேல் என்று நினைத்து இரண்டு கண்ணிலும் இழுத்துவிட்டாள். குழந்தை கத்திய கத்தல் சரிவின் கீழ்வீடு வரை கேட்டது. இப்போது ஒரு கண் பிழைத்துவிட்டது. இன்னொன்றில் வெள்ளை படர்ந்திருக்கிறது.

இரண்டு கர்ப்பிணிகள் எழுந்து போய் டியூபைப் பெட்டியில் போட்டார்கள். சார் தூணைப் பார்த்தார்.

"தில்சரா, உன்னோடது?"

"என்கிட்டதான் இருக்கு சார்."

"அப்பப் போடு."

"போட மாட்டேன்."

ஜன்னல் பக்கமிருந்து ஜலபா பீடியை வாயிலிருந்து எடுக்காமலே பேசினாள். "குடுத்துத் தொலையேன்டி. வீட்ல கடுகெண்ணெய் இல்லையா, மஞ்சள் இல்லையா? உன் புருஷனுக்கும் அதைத்தான் தடவினேன். மலேசியாவுல ஒத்தை ஆளா அலமாரி தூக்கறான்."

"அதே எண்ணெயைத்தான் அம்மா என் மூத்தவனுக்கும் தடவினீங்க."

ஜலபாவின் புகை பாதியில் நின்றது. அந்தப் பேச்சை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. தில்சராவின் மூத்தது ஆண் பிள்ளை. கிண்ணத்து எண்ணெயும் மஞ்சளும் குழைத்துத் தொப்புளில் வைத்தார்கள். இரண்டு நாளில் தொப்புளைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம் வந்தது. பிறகு நாற்றம் வந்தது. பிறகு பால் குடிக்க மறுத்தான். பெயர் வைக்கும் நாளுக்கு அரிசி ஊறப் போட்டிருந்தார்கள். அந்த நாள் வருவதற்குள் அவனை ஓடைக்கரையில் புதைத்துவிட்டு வந்தார்கள். அவனைப் பற்றிப் பேச வேண்டி வந்தால் 'அது' என்றுதான் சொன்னார்கள். வேறு எப்படிச் சொல்வது, அவனுக்குப் பெயர் இல்லையே.

"எனக்கும் பிள்ளைங்க இருக்கு, தில்சரா," என்றார் சார். குரல் இறங்கியிருந்தது. "நான் கெட்டவன் இல்ல. நாளைக்கு இன்னொரு கண்ணு போச்சுன்னா பதில் சொல்ல வேண்டியது நான்தானே?"

"கண்ணு போனா உங்களுக்குப் போன் வருது சார். என் பையன் போனப்ப எந்தப் போனும் வரலையே. எந்தப் பெட்டியும் வரலையே. இந்த ஊர்ல இருக்கற எண்ணெய்க் கிண்ணத்தையெல்லாம் கொண்டாந்து போடுங்கன்னு யாரும் கேக்கலையே."

அப்போது அலமாரிக்குப் பின்னாலிருந்து நந்தகலி எழுந்து வந்தாள். பத்து நாளாக அவள் தண்ணீர்க் குழாயடிக்குக் கூட ஆள் இல்லாத நேரம் பார்த்துத்தான் வந்துபோனாள்.

"மருந்து என்ன சார் பண்ணுச்சு?" என்றாள். "போடக்கூடாத இடத்துல போட்டது நான். என்னைப் பெட்டியில போடுங்க, வர்றேன். போன வருஷம் கீழ்வீட்டுப் பொண்ணு புல்லறுக்கப் போய் அருவாளால கெண்டைக்காலை வெட்டிக்கிட்டா. நீங்கதானே தையல் போட்டீங்க? ஊர் அருவாளையெல்லாம் பிடுங்கிட்டுப் போனீங்களா?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாருக்குக் காது சிவந்தது. அவர் டீகாவின் பக்கம் திரும்பினார்.

"இதோ பாரு டீகா, உன் வார்டுல இருந்து மருந்து திரும்பி வரலேன்னா தொண்டர் வேலையில இருந்து உன் பேரை எடுக்கச் சொல்லி எழுதிடுவேன்."

"தாராளமா எழுதுங்க சார்," என்றாள் டீகா. "சம்பளத்தையும் சேர்த்து நிறுத்திடுவீங்களோ?"

இந்தத் தடவை அறை முழுக்கச் சிரித்தது. தொண்டர்களுக்குச் சம்பளம் கிடையாது என்பது மடியில் இருந்த பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். டீகா எழுந்து போய், பெட்டிக்குள் கைவிட்டு, இரண்டு டியூபையும் எடுத்து, போட்டவர்களிடமே திருப்பிக் கொடுத்தாள். சார் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். ரஞ்சனா பெஞ்சிலிருந்து கஷ்டப்பட்டு எழுந்து, தில்சராவை ஒரு தடவை பார்த்துவிட்டு அவர் பின்னால் போனாள். பெட்டி மேசை மேலேயே கிடந்தது.

"ஜெயிச்சாச்சு," என்றாள் ஒருத்தி.

"என்னத்த ஜெயிச்சோம்?" என்றாள் தில்சரா. "மூணு டியூப் இருக்கு. அடுத்த மாசம் பெத்துக்கப் போறவளுக்கு எங்கேருந்து வரும்? அதை விடு. ஓம்குமாரி வீட்ல அந்தப் பாதி ஏன் மிஞ்சிச்சு? அதைச் சொல்லுங்க."

மிஞ்சாமல் எப்படி இருக்கும் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அந்த ஊரில் எண்ணெய்ச் சட்டியைக் கூட ரொட்டியால் துடைத்துத் தின்றுவிட்டுத்தான் கழுவுவார்கள், மருந்தை எறிவார்களா? ஒருத்தி போன பிள்ளைக்குக் கொடுத்த டியூபில் மீந்ததை மாட்டுப் புண்ணுக்கு வைத்திருப்பதாக ஒப்புக்கொண்டாள். மாட்டுக்குக் குணமாச்சா என்று டீகா கேட்டாள். ஆச்சு என்றாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

கடைசியில் நந்தகலிதான் சொன்னாள். "மீதி இருந்தாத்தானே கை போகும்? முழுசையும் ஒரே தடவையில கொடிக்கே பிதுக்கிடணும். காலி டியூபை நஞ்சுக்கொடி புதைக்கற குழியிலேயே போட்டு மூடிடணும். நஞ்சைத் தோண்டி எவளும் எடுக்க மாட்டா."

அது எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. மாவட்டத்துக்கு எழுது என்று தில்சராவைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் வயிற்றைத் தடவிக்கொண்டு யோசித்தாள்.

"வெறும் வாயால கேட்டா 'ஆவன செய்யப்படும்'னு ஒரு வரி வரும். முதல்ல இது பிறக்கட்டும். இதுக்குப் போட்டுட்டு, என்ன ஆச்சுன்னு எழுதறேன்."

"என்ன ஆச்சுன்னா?" என்று கேட்டாள் ஜலபா.

"உசுரோட இருக்கா இல்லையான்னு."

நெல் அறுப்பு நடந்துகொண்டிருந்த ஒரு காலை, களத்தில் கட்டு எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது தில்சராவுக்கு வலி கண்டது. நந்தகலி ஒரு பக்கம், மாமியார் மறு பக்கம். சுகாதார நிலையத்துக்கு இறங்கும் பாதையில் மூச்சு வாங்கும்போதெல்லாம் நின்று, பைன் மரங்களைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஜலபாவின் சால்வைக்குள் ஏதோ ஒரு பாட்டில் குலுங்கிற்று. தில்சரா கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை, கடுகெண்ணெய் வாசனை அவர்களுக்கு முன்னால் நடந்தது.

நடுப்பகலுக்கு முன்பே குழந்தை பிறந்துவிட்டது. பெண். ரஞ்சனா துடைத்து, தாயின் நெஞ்சில் போட்டு, கொதிக்க வைத்து எடுத்த கத்தரியால் கொடியை வெட்டினாள். வெட்டிவிட்டு இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள்.

"தில்சரா, தப்பா நினைச்சுக்காதே. அந்த மருந்தை நான் தொடக்கூடாதுன்னு சார் எழுதியே குடுத்திருக்காரு. எனக்கு ஒப்பந்த வேலை. போனா போனதுதான்."

ஜலபா அதற்காகவே காத்திருந்தவள் போலப் பாட்டிலின் மூடியைக் கடித்து இழுத்தாள். "அப்ப நகருங்க. நான் பார்த்துக்கறேன்."

"தொடாதீங்க!"

பெற்றுப் போட்டு இன்னும் மூச்சு அடங்காதவளுக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ. மேசை மேல் கழற்றி வைத்திருந்த கச்சையைத் தில்சரா ஒரு கையால் இழுத்தாள். அது சுற்றுச் சுற்றாக அவிழ்ந்து தரையில் விழ, உள்ளிருந்து டியூப் உருண்டது. அதைப் பிடித்துக்கொண்டு நந்தகலியைப் பார்த்தாள்.

"நீ போடு."

நந்தகலி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "நானா? வேண்டாம் அண்ணி. இந்தக் கையாலயா? ஊர் என்ன சொல்லும்?"

"இந்தக் கையாலதான். எது எங்க போகணும்னு இந்த ஊர்லயே உனக்குத்தான் இப்ப நல்லாத் தெரியும். போய்க் கழுவிட்டு வா."

நந்தகலி கழுவினாள். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள். வந்து டியூபின் மூடியைத் திருகினாள். ரஞ்சனா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மேற்கூரைத் தகரத்தைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தாள்.

"வெட்டின நுனியில முதல்ல... ஆமா, நல்லா மூடணும். அப்படியே தண்டு கீழ வரைக்கும்... இப்ப அடியில, சுத்தி இருக்கற தோல்ல. இன்னும் இருக்குல்ல? பிதுக்கு. எல்லாத்தையும் பிதுக்கு."

"உங்களுக்குத்தான் தடை ஆச்சே?" என்றாள் ஜலபா.

"கைக்குத்தான் போட்டாங்க. வாய்க்குப் போட மறந்துட்டாங்க."

வாசலில் நிழல் விழுந்தது. லோகேந்திர சார். நந்தகலியின் விரலையும், குழந்தையின் வயிற்றில் பளபளத்த மருந்தையும், தட்டையாகிப் போன டியூபையும் பார்த்தார். பார்த்துவிட்டு, "நான் எதையும் பார்க்கலை," என்று திரும்பினார்.

"பாருங்க சார்," என்றாள் தில்சரா. "நல்லாப் பாருங்க. இதை நான் எழுதப் போறேன்."

அவர் நின்றார். "என் பேரையுமா?"

"எல்லார் பேரையும். யார் எங்க நின்னாங்கன்னு எழுதாம எனக்கு எழுத வராது. நீங்க வாசப்படியில நின்னீங்க, அதைத்தான் எழுதுவேன். உள்ள வந்தா உள்ள நின்னீங்கன்னு எழுதறேன்."

சார் உள்ளே வரவில்லை. ஆனால் உடனே போகவும் இல்லை. காலி டியூபை நந்தகலி எடுத்துக்கொண்டு நஞ்சுக் குழிக்குப் போவதைப் பார்த்த பிறகுதான் போனார்.

ஜலபா திறந்த பாட்டிலோடு மருமகளின் கால்மாட்டில் உட்கார்ந்து, எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, அந்த வீங்கிய பாதங்களில் தேய்க்க ஆரம்பித்தாள். "நான் கொண்டு வந்தது வீணாப் போகணுமா?" என்று மட்டும் முனகினாள்.

அதன் பிறகு வந்த நாட்களில் தில்சரா தூங்கினாள் என்று சொல்ல முடியாது. ஓமத் தண்ணீரும் நெய்ச்சோறும் வைத்தார்கள், தின்றாள். ஆனால் விடிந்தது முதல் துணியை விலக்கி விலக்கித் தொப்புளைப் பார்ப்பதுதான் வேலை. சிவப்பு வருகிறதா? முகர்ந்து பார்ப்பாள். நாற்றம் இல்லை, பால் வாசனை மட்டும் இருந்தது. கொடி கருத்து, சுருங்கி, உலர்ந்த பயற்றங்காய் போல ஆயிற்று. விழவேண்டிய நேரத்தில் விழவில்லை. டீகா வந்து பார்த்துவிட்டு, இந்த மருந்து போட்டால் கொஞ்சம் தாமதமாகத்தான் விழும், பயப்படாதே என்றாள். தில்சரா பயப்பட்டாள். குழந்தையோ யாருக்கும் பயப்படாமல் இரண்டு முலையையும் காலி செய்துவிட்டு இன்னும் கேட்டு அழுதது.

ஆறாம் நாள் சாயங்காலம் ஜலபா விளக்கேற்றிக் கரி பிடித்தாள். தில்சரா குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"அடச்சீ, என்னை என்னன்னு நினைச்சே?" என்றாள் ஜலபா. "கண்ணுலதானே கூடாது? காலுக்கு எவன் தடை போட்டான்?" என்று பேத்தியின் உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்தாள். மீதி மையை மூடி எடுத்து வைத்தாள். அவள் வீட்டில் எதுவும் வீணாவதில்லை.

பெயர் வைக்கும் நாள் வந்தது. அந்த நாள் வந்ததே தில்சராவுக்குப் பெரிய விஷயம். அன்று காலை துணி மாற்றும்போது கொடி உதிர்ந்து துணியோடு வந்திருந்தது. தொப்புள் காய்ந்து சுத்தமாக இருந்தது. குழந்தைக்கு உஜேலி என்று பெயர் வைத்தார்கள். வெளிச்சம் என்று பொருள். சாப்பாடு முடிந்து, கள் கலயம் சுற்றி வந்து, பெண்கள் முற்றத்தில் காலை நீட்டி உட்கார்ந்த பிறகு தில்சரா தாளும் பேனாவும் கொண்டு வரச் சொன்னாள்.

மாவட்ட சுகாதார அதிகாரி அவர்களுக்கு என்று ஆரம்பித்தாள். கூட்டத்தில் யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், பிரசவ அறையில் யார் எங்கே நின்றார்கள் என்று எழுதினாள். லோகேந்திர சாரை வாசப்படியில் நிறுத்தினாள். ரஞ்சனாவின் கை முதுகுக்குப் பின்னால் இருந்தது என்று எழுதினாள். வாயைப் பற்றி எழுதவில்லை. உஜேலியின் தொப்புள் சிவக்காமல், நாறாமல் காய்ந்ததை எழுதினாள். பிறகு இப்படி எழுதினாள்:

'குளோர்ஹெக்சிடின் தொப்புள் மருந்தை நாங்கள் திருப்பித் தரவில்லை. தரவும் மாட்டோம். எங்கள் ஊரில் ஒரு குழந்தையின் கண் கெட்டது உண்மை. மருந்து மீந்ததாலும், டியூப் கண் மருந்து போலவே இருந்ததாலும் கெட்டது. மீதி வைக்காமல் இருக்க நாங்கள் வழி செய்துவிட்டோம். காலி டியூபை நஞ்சோடு புதைக்கிறோம். டியூபைச் சரிசெய்ய வேண்டியது நீங்கள். அதன் மேல் ஒரு கண்ணை வரைந்து குறுக்கே சிவப்புக் கோடு போடுங்கள். எங்களில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது, படம் தெரியும். அடுத்த மாதம் இங்கே நான்கு பேருக்குப் பிரசவம். மருந்து வரவில்லை என்றால் நாங்களே நடந்து வந்து உங்கள் வராந்தாவில் உட்காருவோம், பிள்ளைகளோடு.'

"என் பேரைப் போட்டியா?" என்று நந்தகலி எட்டிப் பார்த்தாள்.

"போட்டேன். பிரசவ அறையில மருந்து போட்டது நீதான்னு."

"அது இல்ல. கண்ணுல போட்டதும் நான்தான்னு போடு. மருந்து மேல பழி இருக்க வேண்டாம்." கூடவே, "ஓம்குமாரி பிள்ளைக்கு அந்தக் கண்ணு திரும்பணும்னா என்ன செய்யணுமோ அதை அரசாங்கம் செய்யணும்னும் போடு," என்றாள்.

தில்சரா இரண்டையும் எழுதினாள்.

கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் கட்டைவிரலை நீட்டினார்கள். மை அட்டை சுகாதார நிலையத்தில்தான் இருந்தது. அங்கே போய்க் கேட்க முடியுமா? ஜலபா எழுந்து உள்ளே போனாள். ஆறாம் நாள் மூடி வைத்த கரி மையைக் கடுகெண்ணெய் விட்டுக் குழைத்துக்கொண்டு வந்தாள். முதல் ரேகையை அவளே வைத்தாள், அழுத்தி, தாள் கிழிந்துவிடும்போல.

"மூத்தவனைப் பத்தி எழுதினியா?" என்றாள், தாளைப் பார்த்தபடியே.

"எழுதினேன்."

"என்னன்னு எழுதினே? பேர் இல்லையே."

"என் மகன்னு எழுதினேன்."

ஜலபா தலையை ஆட்டிவிட்டு விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

உறையைத் தில்சரா சோற்றுப் பருக்கையால் ஒட்டி, உள்ளங்கையால் நீவி, ஓரமெல்லாம் பிடித்திருக்கிறதா என்று நகத்தால் சோதித்தாள். உஜேலியை முதுகில் கட்டிக்கொண்டு, நந்தகலியோடு கடைத்தெருவுக்கு இறங்கினாள். மாவட்டத்துக்குப் போகும் கேசரின் ஜீப் ஆள் நிறையட்டும் என்று காத்திருந்தது. டீக்கடை பெஞ்சிலிருந்து லோகேந்திர சார் எழுந்து வந்தார்.

"மாவட்டத்துக்கா? அது என் வழியாத்தான் போகணும், தில்சரா. அதுதான் முறை."

"உங்க வழியில அனுப்பினா உங்க மேசையிலேயே தூங்கிடும் சார். இது ஜீப் வழியில போகட்டும்."

அவர் உறையைப் பார்த்தார். அதன் மூலையில் கரியும் எண்ணெயுமாக ஒரு விரல் கறை இருந்தது. கையை நீட்டவில்லை. "வாசப்படியிலன்னே எழுதிட்டியா?" என்று கேட்டார்.

"நின்ன இடத்தைத்தானே சார் எழுத முடியும்."

கேசர் உறையை வாங்கி ஜீப்பின் முன்கண்ணாடிக்குக் கீழே செருகினான். "யார் கையில குடுக்கணும் அண்ணி?"

"அதிகாரி கையில. அவர் இல்லேன்னா, அவர் வர்ற வரைக்கும் நீ அங்கேயே உட்கார்ந்திரு."

"எங்க உட்கார்றது?"

"எங்க உட்கார்ந்தாலும் எனக்கு வந்து சொல்லு," என்றாள் தில்சரா. கேசர் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினான்.